சுடாத கால்

எங்கள் தோட்டத்தில் என் அண்ணனைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். கோயில் தலைவர். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருப்பார். என்னைப் பற்றிக் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். வாயாடி. கட்டினவனோடு வாழத் தெரியாமல் அண்ணன் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறவள். அண்ணன் பெண்டாட்டியை ஆட்டி வைக்கிற நாத்தனார். சொல்லட்டும். சொல்லிச் சொல்லி அவர்கள் வாய் வலிக்கட்டும். என் மதினியின் கால் எப்படிப் போனது என்பதை நான் எழுதி வைத்துவிடுகிறேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயம் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. அண்ணனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. மதினி கொழுந்து பறிக்கிறவள். நான் பிள்ளைக்காம்பராவில் இருந்தேன். மலைக்குப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மூக்கு ஒழுகுகிற பிள்ளைகளைத் துடைத்துத் துடைத்தே என் வாய் இவ்வளவு கெட்டுப்போயிற்று என்று மதினி சொல்வாள்.

மதினியைப் பார்க்கிற எவருக்கும் இவளுக்கு என்ன குறை என்றுதான் தோன்றும். விடிந்ததும் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நிற்கிற பெண்களில், பவுடர் பூசி, பெரிய பொட்டு வைத்து, தலையில் பூவோடு நிற்கிறவள் அவள் ஒருத்திதான். சிரித்தால் அடுத்த மலைக்குக் கேட்கும்.

"என்னாம்மா, மலைக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?" என்று மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா கேட்பார்.

"கல்யாணத்துக்குத்தாங்க ஐயா. மாப்பிள்ள நீங்கதான், தெரியாதா?" என்பாள். பெரட்டே சிரிக்கும். கண்டாக்கும் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்புறம் அவளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மலையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வருவாள். மற்றச் செருப்பு எங்கே கழன்று விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. வாரம் தவறாமல் இது நடந்தது. "ஏண்டி, ஒத்தச் செருப்ப எவன் வீட்டுல விட்டுட்டு வர்ற?" என்று மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். "தொர பங்களாவுல கெடக்கு, ஓடிப்போயி எடுத்துட்டு வா" என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள். நானும்தான் சிரித்தேன். யார்தான் சிரிக்கவில்லை?

ஒரு நாள் சாயந்தரம் மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தோம். மதினி கல்லில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரி தன் கோழியைத் திருடியவனுக்குச் சாபம் விட்ட கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். தற்செயலாக அவள் இடது உள்ளங்காலைப் பார்த்தேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கூர்க் கட்டை ஒன்று அடிப்பாதத்தில் குத்தி, உள்ளேயே முறிந்து நின்றது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. காலையில் குத்தியிருக்க வேண்டும். அதோடு நாள் முழுக்க மலை ஏறி இறங்கியிருக்கிறாள். வீட்டுக்கு ஓடிப்போய்க் குறடு எடுத்து வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினேன். அவள் கோழிக் கதையை நிறுத்தவே இல்லை.

"மதினி, வலிக்கலையா?"

"எது?" என்றாள்.

பிடுங்கிய கட்டையை அவள் காலடியில் போட்டேன். குனிந்து பார்த்தவள் கட்டையைக் கண்டதும்தான் வாயை மூடினாள். அப்புறம் சொன்னாள். ரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் வந்து ரொம்ப நாளாகிவிட்டதாம். மாத்திரை சில நாள் போடுவாளாம், சில நாள் விட்டுவிடுவாளாம். இப்போது இடது காலைத் தரையில் வைத்தால் மெத்தையில் வைத்தது போல் இருக்கிறதாம். அட்டை கடித்தாலும் தெரியவில்லை, செருப்புக் கழன்றாலும் தெரியவில்லை. கால் மரத்தவள் என்று தெரிந்தால் சரிவான மலைக்கு அனுப்ப மாட்டார்கள், கூலி போகும், அதனால்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"ஒங்க அண்ணனுக்குத் தெரியும். திருவிழா முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்காரு" என்றாள்.

இந்தத் திருவிழாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் மாரியம்மன் கோயிலில் தீமிதி உண்டு. பூக்குழியில் இறங்கிக் கால் சுடாமல் வருகிறவர்கள் சுத்தமானவர்கள், கொப்புளம் போட்டால் ஏதோ தப்புச் செய்தவர்கள். ஆண்களுக்குக் கொப்புளம் போட்டால், விரதத்தில் சின்னக் குறை என்று ஒரு தேங்காயை உடைத்துவிட்டுப் போவார்கள். பெண்ணுக்குப் போட்டால் அவ்வளவுதான், அவள் மானம் சந்தி சிரித்துவிடும். அதற்கு முந்தின வருடம் கீழ் லயத்துப் புதுப் பெண் ஒருத்தி, பிள்ளை வரம் கேட்டு இறங்கினாள். பாதம் முழுக்க வெந்துபோனது. அன்றைக்கே கேள்வி எழுந்தது: எவனோடு? கோயில் வாசலில் அவள் புருஷன் அவளை இழுத்துப் போட்டு மிதித்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனது என் அண்ணன்தான்.

"நாம யாரையும் குத்தஞ் சொல்ல வேணாம். என்னா நடந்துச்சுன்னு ஆத்தாளுக்குத் தெரியும்" என்றான், அவனுக்கே உரிய அந்தப் பால் வடிகிற குரலில்.

கேட்டவர்கள் எல்லாம் எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் அவள் கதை முடிந்தது. கினிகத்தேனைப் பக்கம் இருந்த தாய் வீட்டுக்கு அவளை அனுப்பிவிட்டார்கள். வெந்த காலோடு கோணிச் சாக்கின் மேல் ஓட்டோவில் உட்கார்ந்து போனாள். ஒருத்தரும் வாசலுக்கு வந்து வழியனுப்பவில்லை.

ஆனால் அந்த வருடம் சுட்டது அவளுக்கு மட்டும் இல்லை. வேறு சிலருக்கும் சுட்டது. தலைமை சரியில்லாததால்தான் ஆத்தா கோபப்படுகிறாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. வருடா வருடம் ஊரை இறக்குகிற தலைவர் ஏன் ஒரு தடவையும் தீயில் இறங்கவில்லை என்று ஃபெக்டரியில் ஒருத்தன் நேருக்கு நேர் கேட்டே விட்டான். நிர்வாகம் பார்க்கிறவன் இறங்கக் கூடாது என்று அண்ணன் சிரித்தபடி சமாளித்தான். வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். அந்தப் பதவி போனால் அவனிடம் வேறு என்ன இருக்கிறது? தலைவர் என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள் நாளைக்குக் கும்பிடாவிட்டால் அவன் செத்தே போவான்.

காப்புக் கட்டுக்கு முந்தின வாரம், கோயில் கூட்டத்தில் அவன் எழுந்து நின்று கைகூப்பினான். இந்த வருடம் தன் வீட்டிலிருந்து தன் சம்சாரம் இறங்கப் போகிறாள் என்றான். தலைமையைப் பற்றிய பேச்சு அதோடு அடங்கிப்போயிற்று. நான் வீட்டுக்கு வந்து சட்டி பானையெல்லாம் அதிரக் கத்தினேன்.

"அண்ணே, ஒங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அவங்க கால்ல உணர்ச்சியே இல்ல. சீனிக்காரிக்குக் கால் புண்ணானா ஆறுமா? கால எடுத்துருவாங்கண்ணே!"

"மொள்ளப் பேசு தங்கச்சி. அவளே ஆசப்பட்டுக் கேட்டா. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

நான் மதினியைப் பார்த்தேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஆமா புள்ள, நாந்தான் கேட்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது. எப்படியோ தொலையுங்கள் என்று பிள்ளைக்காம்பராவுக்குப் போய்விட்டேன்.

பூக்குழிக்குக் காலையிலிருந்தே கட்டையும் தேயிலை மிலாறுக் குச்சிகளும் போட்டு எரித்தார்கள். தேயிலை விறகுத் தணல் லேசில் அவியாது. வெயில் சாய்கிற நேரத்தில் பறையடித்து, எல்லோரையும் மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கூட்டி வந்தார்கள். ஆண்கள் ஓடினார்கள். பெண்கள் அம்மா தாயே என்று அலறிக்கொண்டு ஓடினார்கள். மதினி நடந்தாள். கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி, மஞ்சள் சேலையும் கையில் வேப்பிலையுமாக, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், சிரித்துக்கொண்டே நடந்தாள். நடுக்குழியில் அவள் இடது கால்விரல் இடுக்கில் ஒரு தணல் ஒட்டிக்கொண்டது. அவள் அதை உதறவில்லை. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. தணலோடுதான் கரை ஏறினாள்.

பெண்கள் குலவை போட்டார்கள். தோட்டமே கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்திருந்தது. மறுகரையில் என் அண்ணன் கைகூப்பி நின்று தாரை தாரையாக அழுதான். நான் ஓடிப்போய்க் குனிந்து அந்தத் தணலைத் தட்டிவிட்டேன். என் விரல் பொசுங்கியது. நான் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன் என்று நினைத்து, எனக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள் குனிந்தார்கள்.

அந்தப் படம் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற பையன்களுக்கும், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கும் போயிற்று. எங்கள் தோட்டத்து அம்மன் என்று மதினியைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். ஃபெக்டரியில் கேள்வி கேட்டவன் வீடு தேடி வந்து அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டான். அண்ணன் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

தீமிதி நடந்த அன்றைக்கே மதினியின் இடது பாதத்தில் கொப்புளம் எழும்பியது. அண்ணன் வாசலுக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடியில் வைத்து, மஞ்சளும் சந்தனமும் குழைத்துக் கனமாக அப்பினான். அதற்கு மேல் மஞ்சள் துணி சுற்றினான். வாசலில் நின்று பார்த்த பெண்களுக்குக் கண் கலங்கியது. பெண்டாட்டி காலைப் பிடித்துவிடுகிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தங்கள் வீட்டுக்காரர்களைப் போய்த் திட்டினார்கள். துணிக்கு உள்ளே தோல் வழன்றுகொண்டிருந்தது.

ஊர் வந்து பார்த்துக்கொண்டே இருந்தது. மதினி பவுடர் பூசி, பூ வைத்து, முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து எல்லோருக்கும் விபூதி கொடுத்தாள். ஓரிரு நாளில் வாடை கிளம்பியது. அண்ணன் சாம்பிராணி போட்டான். வாடை கூடக் கூடச் சாம்பிராணியும் கூடியது. வீட்டுக்குள் தெய்வ வாசம் வீசுகிறது என்று கிழவிகள் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். எனக்குக் குமட்டியது.

"அண்ணே, கால் அழுகுது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றேன்.

"போகலாம் தங்கச்சி. நான் வேணாங்கல. ஆனா போனா என்னா ஆகும்? கொப்புளம் போட்டிருச்சுன்னு தோட்டம் பூரா தெரிஞ்சிரும். என்னைய ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. ஒங்க மதினியத்தான் கேப்பாங்க. என்னா கேப்பாங்கன்னு ஒனக்கே தெரியும்." இதைச் சொல்லும்போது என் தலையைத் தடவிக் கொடுத்தான். அந்தக் கையை அப்போதே வெட்டியிருக்க வேண்டும்.

காய்ச்சல் வந்து மதினி பிதற்றத் தொடங்கிய அன்று, அண்ணன் ஃபெக்டரிக்குப் போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு ஓட்டோவைக் கூப்பிட்டேன். அவளைத் தூக்கி உள்ளே வைக்கும்போது ஒருத்தியும் உதவிக்கு வரவில்லை. விரதம் முடியாமல் அம்மனை ஆஸ்பத்திரித் தீட்டுக்குக் கொண்டு போகிறாள் என்று என்னைத்தான் ஏசினார்கள். ஓட்டோ லயத்தைத் தாண்டியதும் மதினி கண்ணைத் திறந்தாள்.

"புள்ள, பவுடர் கொண்டு வந்தியா? மொகத்துக்குக் கொஞ்சம் போட்டு விடு" என்றாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

பெரியாஸ்பத்திரியில் துணியைப் பிரித்ததும் நர்ஸ் அம்மா மூக்கை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். விஷம் மேலே ஏறாமல் இருக்க இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார். அண்ணன் ஓடி வந்தான். கையெழுத்துப் போடும்போது அப்படி அழுதான், பார்த்த நர்ஸ் அம்மா அவனுக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். நான் அழவில்லை. அதனால் நான் கல் நெஞ்சுக்காரி.

காலை எடுத்த பிறகு, வார்டில் நானும் மதினியும் தனியாக இருந்த ஒரு மதியம் அவளிடம் கேட்டேன். ஏன் இறங்கினீர்கள், நிஜமாகவே நீங்கள்தான் ஆசைப்பட்டீர்களா என்று கேட்டேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கோயில் கூட்டத்துக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழம. மத்தியானம் சாப்புட்டுட்டுக் கண்ண மூடிப் படுத்துருந்தேன். தூங்கல. ஊதுபத்தி வாசம் வந்துச்சு. சாமி கும்புடுறாராக்கும்னு நெனச்சேன். ரொம்பக் கிட்டக்க வந்துச்சு. லேசாக் கண்ணத் தொறந்து பாத்தேன். கட்டில் கால்மாட்டுல ஒக்காந்து, எரியிற பத்திய என் எடது உள்ளங்கால்ல அழுத்திப் புடிச்சிக்கிட்டிருந்தாரு."

"மதினி!"

"எனக்கு ஒண்ணுமே தெரியல புள்ள. எடுத்தாரு, வேற எடத்துல வச்சாரு. அப்பவும் தெரியல. நான் அசையாமக் கெடந்தேன். அவரு மொகத்தத்தான் பாத்தேன். எவ்வளவு சந்தோசம் தெரியுமா அந்த மொகத்துல? எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட அப்பிடி ஒரு சந்தோசம் நான் பாக்கல."

"எந்திரிச்சு அந்த மூஞ்சியில ஒரு மிதி மிதிக்கிறதுக்கென்ன?"

"அப்புறம் கூட்டத்துல சொல்லிட்டாரே. எல்லார் முன்னாலயும் சொன்ன பெறகு நான் எறங்க மாட்டேன்னா, ஏன் பயப்படுறா, என்னா தப்புப் பண்ணினான்னு கேப்பாங்கல்ல? கீழ் லயத்துப் புள்ளய என்னா பண்ணினாங்கன்னு பாத்தோமே. எங்கப்பா அம்மாவும் செத்துட்டாங்க. என்னைய ஓட்டோவுல ஏத்தி எங்க அனுப்புவாங்க?" பேச்சை நிறுத்திவிட்டு மெல்லச் சொன்னாள்: "எடது பாதந்தான் மரத்துருந்துச்சு. அதுக்கு மேல கணுக்கால், கெண்டைக்கால், வலது காலு எல்லாம் நல்லாத்தான் சுட்டுச்சு. அதுக்குந்தான் சிரிச்சேன்."

வீட்டுக்குப் போய் அண்ணன் சட்டையைப் பிடித்தேன். ஊதுபத்தி வைத்தாயா இல்லையா என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் பதறவில்லை. என் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான்.

"அவளுக்கு வலிக்கவே இல்லையே தங்கச்சி" என்றான்.

இதை நான் சும்மா விடவில்லை. லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். பீலியில் சொன்னேன், கடையில் சொன்னேன், பெரட்டில் போய் நின்று கத்தினேன். ஒருத்தராவது நம்ப வேண்டுமே! அந்த மனுஷன் மேல் இப்படிப் பழி போடுகிறாயே, உன் நாக்கு அழுகிப் போகும் என்றார்கள். தீயில் இறங்கியபோது சுடாத கால், ஆஸ்பத்திரிக்குப் போனதும் எப்படி அழுகியது என்று கேட்டார்கள். ஆத்தா காப்பாற்றிக் கொடுத்த காலை நாத்தனார் கொண்டுபோய் வெட்டிவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். மதினி வீட்டுக்கு வந்த பிறகு அவளிடமே கேட்டார்கள். என் முகத்தைப் பார்க்காமல், "அவரு தங்கமுங்க" என்றாள். அதற்குப் பிறகு பிள்ளைக்காம்பராவுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தாய்மார் பயந்தார்கள். எனக்கு அந்த வேலையும் போயிற்று.

நான் தோட்டத்தை விட்டுப் போய் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் நின்றேன். அடுத்த வருடம் திருவிழாவுக்கு வந்தேன். சாமிக்காக வரவில்லை, மதினியைப் பார்க்க வந்தேன். பூக்குழிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். புது மஞ்சள் சேலை, தலை நிறையப் பூ, பவுடர் பூசிய முகம். மைக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணன் பேசினான். என் சம்சாரம் தன் காலையே ஆத்தாளுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டாள் என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. கூட்டம் அழுதது. இனிமேல் என்றைக்கும் அவர்தான் தலைவர் என்று யாரோ கத்த, எல்லோரும் கைதட்டினார்கள்.

பெண்கள் வரிசையாக வந்து, மதினியிடம் மிச்சம் இருந்த வலது காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொருத்தியின் தலையிலும் கை வைத்துச் சிரித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றதும் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"புள்ள, இவளுக ஊத்துறது சுடுதண்ணியா, பச்சத் தண்ணியா?" என்று காதுக்குள் கேட்டாள்.

கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். பீலித் தண்ணீர், விரல் விறைத்துப் போகிற குளிர்.

"பச்சத் தண்ணி மதினி" என்றேன். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை.

"சிரி புள்ள. சிரிச்ச மாதிரியே நில்லு. இந்தக் காலும் மரத்துருச்சுன்னு அவருக்கு இன்னுந் தெரியாது. நம்மளத்தான் பாத்துக்கிட்டிருக்காரு" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். குழிக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் கைகூப்பி நின்றான். நான் சிரித்தேன்.